பிரீக்வல்களைக் கழுவி ஊற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

1999ல் ‘தி ஃபேன்டம் மெனஸ்’, 2002ல் ‘அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்’, 2005ல் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’. ஸ்டார் வார்ஸின் முன்கதையாக ஜார்ஜ் லூகாஸ் எடுத்த இந்த மூன்று படங்களும் இணையத்தில் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. 2009ல் ரெட்லெட்டர்மீடியா என்ற அமெரிக்க விமர்சனக் குழு யூடியூபில் போட்ட எழுபது நிமிட விமர்சனத்துக்குப் பிறகு, ஒரு படத்தை மணிக்கணக்கில் கிழித்துத் தொங்கவிடுவது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் திட்டில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. மீதிப் பாதியில் கோபம் சரியாகத்தான் இருக்கும். சொல்லும் காரணம்தான் தப்பாக இருக்கும்.

முதல் தவறு, எல்லாப் பழியையும் நடிகர் தலையில் கட்டுவது. இரண்டாவது, மூன்றாவது படங்களில், பின்னாளில் வில்லன் டார்த் வேடராக மாறும் நாயகன் அனகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனுக்கு நடிப்பே வராது என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! இரண்டு படங்களுக்கும் மோசமான நடிப்புக்கான ராஸி விருதை அவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் அனகினாக அவர் திரைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ‘லைஃப் ஆஸ் எ ஹவுஸ்’ படத்துக்காக அவர் பெயர் கோல்டன் குளோப் பரிந்துரையில் இருந்தது. அவருக்கு ஜோடியாக, பத்மே பாத்திரத்தில் நடித்த நடாலி போர்ட்மேனையும் மரக்கட்டை என்றார்கள். அவர் பின்னாளில் ‘பிளாக் ஸ்வான்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். திறமை உள்ள இரண்டு பேர் ஒரே படத்தில், ஒரே காட்சியில் விறைத்து நிற்கிறார்கள் என்றால், அவர்கள் வாயில் வைக்கப்பட்ட வசனத்தையும் அவர்களை இயக்கிய விதத்தையும்தானே முதலில் பார்க்க வேண்டும்? 1977ல் முதல் ஸ்டார் வார்ஸை எடுத்த பிறகு 22 வருடம் லூகாஸ் ஒரு படத்தையும் இயக்கவில்லை. நடுவில் வந்த இரண்டு ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்தது இர்வின் கெர்ஷ்னரும் ரிச்சர்ட் மார்க்வாண்டும்.

இரண்டாவது படத்தில் வரும், எல்லோரும் கிண்டலடிக்கும் அந்த மணல் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரை மாளிகையில், தான் விரும்பும் பெண்ணிடம், மணல் சொரசொரப்பானது, எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும், எனக்குப் பிடிக்காது என்கிறான் அனகின். யோசித்தால் அதற்குள் ஒரு பொருள் இருக்கிறது. பாலைவனக் கிரகத்தில் அடிமையாக வளர்ந்த பையன் அவன்; அம்மாவை விட்டுவிட்டு வந்த இடமும் அந்த மணல்தான். ஆனால் அந்த வலி நமக்கு வந்து சேர இடமே கொடுக்காமல், அடுத்த நொடி காதல் தொடுதலுக்குத் தாவிவிடுகிறது காட்சி. இப்போது மூன்றாவது படத்தின் அந்தி நேரக் காட்சியைப் பாருங்கள். ஜெடாய் என்னும் போர்வீரத் துறவிகளின் கோயிலில் அனகின் தனியாக நிற்கிறான். நகரத்தின் இன்னொரு மூலையில் பத்மே ஜன்னலோரம் நிற்கிறாள். இருவரும் ஒருவர் இருக்கும் திசையை ஒருவர் பார்க்கிறார்கள். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இசையும் அவன் முகமும்தான். அவன் எந்தப் பக்கம் சாயப்போகிறான் என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதே நடிகர், அதே இயக்குநர்! இந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் ‘நடிக்கத் தெரியாது’ என்று எழுதுகிறவர் படத்தைப் பார்க்கவில்லை, மீம்ஸைத்தான் பார்த்திருக்கிறார்.

இதே தவறு முற்றினால் மனிதர்களைக் குதறும் இடத்துக்குப் போய்விடும். முதல் படத்தில் கோமாளியாக வரும் வேற்றுக்கிரகவாசி ஜார் ஜார் பிங்ஸ் பாத்திரம் இனக் கேலியாக இருக்கிறது என்ற புகார் படம் வந்த நாளிலிருந்தே உண்டு, அது சரியான புகார்தான். அந்தப் பாத்திரம் அப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களிடம் அதைக் கேட்க வேண்டும். வசை முழுவதும் போய் விழுந்தது அதில் நடித்த அஹ்மத் பெஸ்ட் மேல். தற்கொலையின் விளிம்பு வரை போனதை அவர் 2018ல் வெளிப்படையாகச் சொன்னார். சிறுவன் அனகினாக நடித்த ஜேக் லாய்டுக்குப் படப்பிடிப்பின்போது வயது எட்டு. எட்டு வயதுப் பிள்ளையைக் குறிவைத்து எழுதியதற்கு விமர்சனம் என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

‘எல்லாமே கிராபிக்ஸ்’ என்பது இன்னொரு சோம்பேறித்தனமான குற்றச்சாட்டு. முதல் படத்தின் பந்தயக் காட்சியில் மைதானம் நிறையத் தெரிகிறதே கூட்டம், அதில் பெரும்பகுதி மினியேச்சர் அரங்கில் செருகிவைத்த, சாயம் பூசிய காது குடையும் பஞ்சுக்குச்சிகள்! பாலைவன ஊருக்குத் துனீசியாவில் செட் போட்டார்கள், ராணியின் அரண்மனைக்கு இத்தாலியின் கசெர்டா அரண்மனைக்குப் போனார்கள். புகார் பொருந்துவது அடுத்த படத்திலிருந்துதான். டிஜிட்டல் கேமராவிலேயே முழுக்க எடுக்கப்பட்ட முதல் பெரிய ஹாலிவுட் படங்களில் ஒன்று அது. குளோன் வீரர்களின் கவச உடைகூட நிஜத்தில் தைக்கப்படவில்லை, அத்தனையும் கணினியில் வரைந்தது. மூன்று படத்தையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்கினால் இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

அரசியல் போரடிக்கிறது என்பவர்கள் கருவையும் காட்சியாக்கத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வணிகப் பாதை வரித் தகராறில் தொடங்கி, தானே கிளப்பிவிட்ட போரைக் காட்டி அவசர அதிகாரம் வாங்கி, கடைசியில் செனட்டின் கைதட்டலோடு பேரரசனாகிறான் செனட்டராக இருந்த பால்பட்டீன். மக்களாட்சி தானாகவே சர்வாதிகாரியின் கையில் போய் விழும் கதை அது. வணிகப் படத்தில் இவ்வளவு துணிச்சலான கரு அபூர்வம். கெட்டுப்போனது எடுத்த விதம்: நடந்துகொண்டே பேசுகிறார்கள், பிறகு சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். உட்கார்ந்து பேசுவதே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்றாவது படத்தின் ஓபரா அரங்கில் பால்பட்டீன் அனகினுக்குக் கதை சொல்லி வலைவிரிக்கும் காட்சியும் உட்கார்ந்து பேசுவதுதான். மூன்று படங்களிலும் அதுதான் ஆகச் சிறந்த காட்சி.

‘அப்போதே எல்லா விமர்சகர்களும் காறித் துப்பினார்கள்’ என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முதல் படத்துக்கு நாலுக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார், இரண்டாவதுக்கு இரண்டுதான்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. அன்று சிறுவர்களாகப் பார்த்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். 2022ல் ‘ஓபி-வான் கெனோபி’ தொடரில் கிறிஸ்டென்சன் திரும்பி வந்தபோது கொண்டாடினார்கள், 2025ல் மூன்றாவது படம் மறுபடி திரையரங்குக்கு வந்து நன்றாக ஓடியது. இந்த உற்சாகத்தில் புதுத் தவறு ஒன்று முளைத்திருக்கிறது. அனகினுக்கும் அவன் குரு ஓபி-வானுக்கும் இருந்த நட்பு எவ்வளவு ஆழம் என்று உருகுகிறவர்கள் பெரும்பாலும் பேசுவது, 2008ல் தொடங்கிய ‘தி க்ளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரைப் பற்றி. அந்தப் பெருமை தொடருக்குச் சேர வேண்டியது.

எத்தனை சீசன் வந்தாலும் பத்மேயின் முடிவைத் திருத்த முடியாது. ராணியாக இருந்தவள், செனட்டராகப் போரை எதிர்த்தவள், களத்தில் துப்பாக்கி ஏந்தியவள். அவள் உடம்பில் குறை ஒன்றுமில்லை, வாழும் விருப்பம்தான் போய்விட்டது என்று மருத்துவ ரோபோ சொல்ல, இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற கையோடு இறந்துபோகிறாள். 1983ல் வந்த பழைய ஸ்டார் வார்ஸ் படத்திலோ, அம்மாவை லேசாக நினைவிருக்கிறது என்று லூக்கிடம் சொல்கிறாள் லேயா; அந்த இரட்டையர் இவர்கள்தான். தன் பாத்திரத்துக்கும் பழைய படத்துக்கும் ஒரே நேரத்தில் லூகாஸ் இழைத்த அநியாயம் இது. இதை எவ்வளவு கடுமையாக எழுதினாலும் தகும்.