கத்தி அடிக்கும் முன் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள்

பெங்களூரு சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் எடுத்த லாரி ஸ்பிரிங் பட்டையை அப்படியே உலையில் வைக்காதீர்கள். முனையில் விரலகலத் துண்டு வெட்டி, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு (சுமார் 770 டிகிரி) மேல் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்குங்கள். மேல்கருப்பை நீக்கித் தேய்த்தால் அரம் வழுக்க வேண்டும். பிறகு வைஸில் பிடித்து, துணி சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் அடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் வெறும் இரும்பு, கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும்.

சுமார் 0.5 சதவீதமாவது கார்பன் இருந்தால்தான் எஃகு இப்படி இறுகும், கத்தியில் கூரும் நிற்கும். முறிந்த இடம் சாம்பல் பட்டுப்போல இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல மினுங்கினால் அதிகம்.

ஸ்டெயின்லெஸ், டிரில் பிட் எஃகுக்கு இது பொருந்தாது. பட்டையின் வேறிடத்தில் ஒளிந்திருக்கும் விரிசலையும் காட்டாது.