மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னே

குடியை விடுவதற்காகச் சபரிமலைக்கு மாலை போடுவது நல்ல வழிதான். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் "வேண்டாம்பா" என்றால் யாரும் விடமாட்டார்கள். "மாலை போட்டிருக்கேன்" என்றால் ஊற்றிக்கொடுப்பவரே கிளாஸை மறைத்துக்கொள்வார். கோயிலில் கயிறு கட்டுவதற்கும் இதே பலம் உண்டு. ஐப்பசி கடைசி ராத்திரி வரை குடித்துவிட்டு, விடிந்ததும் பச்சைத்தண்ணீரில் குளித்து மாலை போடுவதில்தான் வினை.

காலையில் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால் நிற்கிறதா? ஆம் என்றால் வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தக் கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கும் இதேதான். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கு மேல் 4ஆம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார், இல்லாத ஆளோடு பேசுவார். மாலை போட்ட உடம்பில் இதைப் பார்த்தால் "சாமி வந்திருக்கு", இல்லாவிட்டால் "காத்து கருப்பு" என்று பூசாரியிடம் ஓடுவார்கள். வேப்பிலை அடிக்கிற நேரத்தில் உயிரே போய்விடலாம். திருநீறு பூசுங்கள், 108-க்குப் போன் போட்டுவிட்டுப் பூசுங்கள்.

அதனால் ஐப்பசி 20 வாக்கிலேயே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். "எப்பவாவது" என்று மழுப்பாமல், "தினம் ரெண்டு குவார்ட்டர்", அதாவது 360 மில்லி என்று அளவைச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவு அதைப் பொறுத்தது. நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார்கள், கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வேண்டாம்: தயமின் இல்லாமல் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஏற்காடு மலைக்கிராமத்தார் குடியை நிறுத்தும் முதல் நாலைந்து நாளும் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். ராத்திரி வலிப்பு வந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும்.

மருந்து விரதத்தைக் கெடுக்காது என்பதைக் குருசாமி வாயாலேயே சொல்ல வையுங்கள். டாக்டர் சொல்வதைவிட அது எடுபடும். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் இப்போதைக்கு வேண்டாம்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையைச் சாம்பாரில் ரகசியமாகக் கலக்கவே கூடாது. மாத்திரை உள்ளே போனது தெரியாமல் அவர் சரக்கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு.

மாலை கழற்றும் நாளுக்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். திரும்பி வரும் வேனிலேயே ஆரம்பிப்பவர்கள் உண்டு. பழைய அளவை உடம்பு தாங்காது. கழற்றிய வாரத்திலேயே டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கிவையுங்கள். மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழா, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை இரண்டையும் காலண்டரில் வட்டமிடுங்கள், மறுபடி கிளாஸ் நீட்டப்படும் நாட்கள் அவை. குடியை விடுவது பற்றிப் பேச, போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.