உப்பு நீரில் களிமண் ஏன் சீக்கிரம் படிகிறது? வீட்டு மேசையிலேயே செய்து பாருங்கள்

கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை உப்பில்லாத நீரில் சரியாகக் கலக்கி வைத்தால், மறுநாள் பார்த்தாலும் தெளியாது. அதே கலங்கலில் உப்பைக் கரைத்தால் சிறிது நேரத்தில் மண் திரண்டு கீழே இறங்கத் தொடங்கும். சிலி நாட்டின் வறண்ட அட்டகாமா பகுதியில் இந்த ஒரு வேறுபாட்டோடுதான் செம்புச் சுரங்கப் பொறியாளர்கள் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே தாதுவோடு களிமண்ணும் கலந்து வரும், நன்னீரோ அரிது. 2011-இல் உற்பத்தி தொடங்கிய எஸ்பெரான்சா சுரங்கம் (இன்று சென்டினேலா) கடல்நீரை 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற்றி, உப்பை நீக்காமலே தாதுவைப் பதப்படுத்துகிறது.

சிங்கப்பூரில் செம்புச் சுரங்கம் இல்லை. ஆனால் நாலு பக்கமும் கடல் இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை மேசையே இந்தச் சோதனைக்குப் போதும். வேதியியல் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள்.

தேவையானவை

கயோலின் தூள் மட்பாண்டக் கலைப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று முல்தானி மட்டியை முதல் தடவையே எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கால்சியம் ஏறிய மண். வெறும் தண்ணீரிலேயே திரண்டுவிடும், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. இதோடு காய்ச்சி வடித்த நீர், சமையல் சோடா, கல் உப்பு, மருந்துக்கடையில் விற்கும் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு, ஒரே அளவுள்ள கண்ணாடித் தம்ளர்கள், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச், சமையலறைத் தராசு. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் முதலியவை சோதனையைக் குழப்பிவிடும்.

படி 1: கலங்கல் தயாரித்தல்

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் கயோலின் போடுங்கள். இரண்டு விரல் நுனியில் எடுக்கும் அளவு சமையல் சோடா சேர்த்து, மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பெருமணிகள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு வடித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

சோடா எதற்கு? கயோலின் துகள் தட்டையான தகடு. தகட்டின் முகம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஓரமோ நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறும்; லேசான அமில நீரில் நேர்மின்னூட்டம் பெற்று, அடுத்த தகட்டின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி லேசாக அமிலமாகித்தான் இருக்கும். சோடா அதை லேசான காரமாக்கி, pH (அமில, கார அளவு; 7 நடுநிலை) 8 அருகே கொண்டுவரும். ஓரத்தின் நேர்மின்னூட்டம் போய்விட, தகடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். இந்தப் படியைத் தவிர்த்தால் உப்பில்லாத தம்ளரே தெளிந்துவிட வாய்ப்புண்டு.

படி 2: நான்கு தம்ளர்

ஒவ்வொன்றிலும் 200 மில்லி கலங்கல் ஊற்றுங்கள். 0.1 கிராம் உப்பை வீட்டுத் தராசில் நம்பி நிறுக்க முடியாது. அதனால் 1 கிராம் கல் உப்பை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 10 மில்லியை சிரிஞ்சால் எடுங்கள். 4 கிராம் எப்சம் உப்பையும் அப்படியே 100 மில்லியில் கரைத்து வையுங்கள்.

முதல் தம்ளருக்கு 10 மில்லி வெறும் காய்ச்சி வடித்த நீர். இரண்டாவதற்கு 10 மில்லி உப்புக் கரைசல். மூன்றாவதற்கு 10 மில்லி எப்சம் கரைசல். நான்காவதில் 7 கிராம் கல் உப்பை நேரடியாகப் போட்டுக் கரையுங்கள். அது லிட்டருக்கு 35 கிராம், திறந்த கடலின் உப்பளவு. நான்கையும் ஒரே மாதிரி, ஒரே நேரம் கலக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவதில் நாம் சேர்த்த சோடியம் அயனிகளும் மூன்றாவதில் சேர்த்த மக்னீசியம் அயனிகளும் (அயனி என்றால் மின்னூட்டமுள்ள அணு) ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். இதை மனதில் வையுங்கள்.

படி 3: பார்த்தல்

அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். முதல் தம்ளரில் ஒளி சீரான வெள்ளை மூட்டமாகத் தெரியும். துகள் எதையும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. நான்காவதில் கொஞ்ச நேரத்தில் திரிந்த பால் போலப் பொடிப்பொடியாகக் கட்டிகள் தெரியும். பிறகு தெளிந்த நீருக்கும் கலங்கலுக்கும் இடையே ஒரு கோடு விழுந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மூன்றாவதும் இதே வழியில் போகும். இரண்டாவது இவற்றுக்குப் பின்தங்கியே நிற்கும். எவ்வளவு பின்தங்கும் என்பது நீங்கள் வாங்கிய மண்ணைப் பொறுத்தது. அரை மணி, இரண்டு மணி, மறுநாள் என்று மூன்று முறை படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் 10 செண்டிமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். பத்து மடங்கு பெரிய, அதே அடர்த்தியுள்ள துகளுக்குக் கால் மணி நேரம் போதும். திரண்ட கட்டிக்குள் நீரும் இருப்பதால் அதன் வேகம் இவ்வளவு கூடாது, ஆனாலும் வித்தியாசம் பெரிது.

என்ன நடந்தது?

உப்பு பசை மாதிரி ஒட்டவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. துகள்களுக்கிடையே ஈர்ப்பு முன்பே இருக்கிறது, ஆனால் மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். எதிர்மின்னூட்டம் கொண்ட துகளைச் சுற்றி நேர் அயனிகள் ஒரு மேகமாகச் சூழ்ந்திருக்கின்றன. இரண்டு துகள்களின் மேகங்கள் மோதும்போது விலக்கம் பிறக்கிறது. நம் முதல் தம்ளரைப் போன்ற நீரில் அந்த மேகத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். கடல் உப்பளவில் அது அரை நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. தடுப்பு போனதும் துகள்கள் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. டெர்யாகினும் லாண்டாவும் 1941-இலும், வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948-இலும் தனித்தனியே வகுத்த கோட்பாட்டின் சாரம் இதுதான்.

மூன்றாவது தம்ளர் இரண்டாவதை முந்தியதற்குக் காரணம் மக்னீசியத்தின் இரட்டை மின்னூட்டம். ஷுல்ஸ்–ஹார்டி விதிப்படி மின்னூட்டம் இரண்டு மடங்கானால், திரளத் தேவையான செறிவு 64-இல் ஒரு பங்காகக் குறையும். அது இலட்சியக் கணக்கு. உண்மையான மண் அவ்வளவு கறாராக நடக்காது. ஆனாலும், எவ்வளவு உப்பு என்று மட்டும் கேட்பவர்கள் எந்த உப்பு என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உண்டு.

படி 4: அடியில் இருப்பதைச் சாய்த்துப் பாருங்கள்

இதைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தம்ளர்களை மெல்லச் சாயுங்கள். நான்காவதில் படிந்தது உயரமாக, பொசுபொசுவென்று இருக்கும். சாய்த்தால் மொத்தமாகச் சரியும். முதலாவதில் படிந்திருப்பது மெல்லிய அடை, நெருக்கமாக இறுகியிருக்கும். தகடுகள் கண்டபடி ஒட்டிக்கொண்டு உள்ளே நீரைச் சிறைப்பிடித்ததால்தான் நான்காவதில் அந்த உயரம்.

சுரங்கத்தில் சேற்றைப் படியவைக்கும் திக்கனர் தொட்டியின் வேலை நீரை மீட்பது. வேகமாகப் படிந்தது என்று மகிழ்ந்தால் போதாது, சேற்றுக்குள் எவ்வளவு நீர் மாட்டிக்கொண்டது என்றும் பார்க்க வேண்டும். அதற்காகவே பாலிஅக்ரிலமைடு போன்ற நீண்ட பாலிமர்களைச் சேர்த்துக் கட்டிகளைப் பெரிதாக்குகிறார்கள். உப்பு நீரில் அந்தப் பாலிமர் இழையும் சுருண்டுவிடும். நன்னீரில் பழகிய அளவை அப்படியே போட்டால் ஏமாற்றமே.

நுரை மிதப்புத் தொட்டியில் தொல்லை வேறு. அங்கே செம்புத் தாதுவின் மணிகள் காற்றுக்குமிழியில் ஒட்டி மேலே வர வேண்டும். விலக்கம் போய்விட்ட களிமண் தாது மணிமேலும் படிந்து போர்த்திக்கொண்டால் குமிழிக்குப் பிடி கிடைக்காது.

படி 5: சுண்ணாம்பு

கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து ஒரு சிறு போத்தல் கடல்நீர் எடுத்து, காப்பி வடிதாளில் வடிகட்டுங்கள். சுண்ணாம்பை நீரில் கரைத்து, தெளிய விட்டு, மேலே உள்ள தெளிநீரை மட்டும் எடுங்கள். கண்ணில் படாமல் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகள் இதைத் தொட வேண்டாம். 50 மில்லி கடல்நீரில் 50 மில்லி சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றுங்கள். பக்கத்திலேயே லிட்டருக்கு 35 கிராம் கல் உப்பு கரைத்த நீரிலும் அதே அளவு ஊற்றுங்கள். கடல்நீரில் வெண்மூட்டம் எழுந்து பஞ்சுபோலத் திரளும். உப்புக் கரைசல் ஏறக்குறையத் தெளிவாகவே நிற்கும். அந்த வெண்மை பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு, கூடவே கொஞ்சம் கால்சியம் கார்பனேட்.

செம்பு ஆலைகளில் இரும்புப் பைரைட்டை (செம்புக்கு உதவாத இரும்புக் கந்தகக் கனிமம்) மிதக்கவிடாமல் அடக்க, சுண்ணாம்பு போட்டு pH-ஐ 10-க்கு மேல் கொண்டுபோவது வழக்கம். கடல்நீரில் அப்படிச் செய்தால் இந்த வெண்படிவு உருவாகி, முக்கியமாகச் செம்போடு கூடவே கிடைக்கும் மாலிப்டினம் தாதுவின் மீட்பைக் கெடுக்கிறது. அதனால்தான் pH-ஐத் தாழ்த்தி, பைரைட்டுக்கு வேறு மருந்து தேடும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

முடிந்ததும் கலங்கலைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், களிமண் குழாயில் தங்கிவிடும். கீழே உள்ள மழைநீர்க் கால்வாயிலும் வேண்டாம். அந்த நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றி இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டு ஒரு நாள் விடுங்கள். தெளிந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, மண்ணைப் பழைய செய்தித்தாளில் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். செடிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பில் வேர் கருகிவிடும்.