மானாவாரிக் காட்டைக் கொரங்காடாக்குவது எப்படி

கிணறு வற்றிப்போன சரளைச் செம்மண் காடு இருக்கிறது, கட்டுத்தறியில் நாலு மாடு, பட்டியில் கொஞ்சம் ஆடு இருக்கிறது என்றால், முழுக் காட்டிலும் வருஷா வருஷம் சோளம் விதைத்து மழையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாதியைக் கொரங்காடாக, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடாக விடுங்கள். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் என்று எங்கள் பக்கம் மாடு பிழைத்ததே இதை நம்பித்தான். கொழுக்கட்டைப் புல், அதனூடே நரிப்பயறு மாதிரிக் கொடிகள், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. நாலும் சேர்ந்தால்தான் கொரங்காடு. சும்மா போட்டுவைத்து அதுவாக முளைத்தது தரிசு.

முதலில் வேலி. அதை முடிக்காமல் விதைக்காசைச் செலவழிக்காதீர்கள். மழைக்கு முன்பே வரப்போரம் பள்ளம் பறித்து, கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நெருக்கமாக ஊன்றி மண் அணைக்க வேண்டும். கோடையில் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் பட்டுவிட்டதென்று பிடுங்காதீர்கள், மழைக்குத் துளிர்க்கும். வேலி அடைய சில வருஷம் ஆகும். அதுவரை வேலா முள்ளை வெட்டி அடியில் போட்டு வையுங்கள், ஆடு நுழையாது. பெரிய காடாக இருந்தால் ஒரே வேலிக்குள் அடைக்காமல் மூன்று நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் படல் கதவு வையுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

விதைப்பு புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன். கொழுக்கட்டை விதையில் ஒரு குணம் உண்டு. புதிதாக உருவியதை உடனே விதைத்தால் முளைக்காது, ஏழெட்டு மாதம் உறங்கி எழ வேண்டும். விற்கிறவரிடம் எப்போது எடுத்த விதை என்று கேட்டு வாங்குங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரக நீலக்கொழுக்கட்டையும் மானாவாரிக்கு ஏற்றதுதான். ஏக்கருக்கு 3 கிலோ. விதை பஞ்சு போல மயிரோடு இருப்பதால் காற்று தூக்கிக்கொண்டு போகும். ஈர மணலில் பிசிறித் தூவுங்கள். ஆழ மூடக்கூடாது, ஒரு முள் கிளையை இழுத்து விட்டால் போதும்.

இதோடு முயல் மசால் என்கிற பயறுவகைத் தீவன விதையை ஏக்கருக்கு 2 கிலோ கலந்துகொள்வது நல்லது. புல் வயிற்றை நிரப்பும், புரதத்துக்குப் பயறு இனம் வேண்டும். மண்ணுக்குத் தழைச்சத்தும் அதனால்தான் வருகிறது. முயல் மசால் விதைக்குத் தோல் கெட்டி. 80 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கம்பு நேப்பியர் புல் நடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது தண்ணீர் பாய்கிற தோட்டத்துச் சமாச்சாரம், இங்கே பேச்சே வேண்டாம்.

வெள்வேலுக்கு நாற்றங்கால் எல்லாம் எதற்கு? புல் விதைப்பதற்கு முன்பே காயை ஆட்டுக்குப் போட்டு, அந்தக் காட்டிலேயே பட்டி அடையுங்கள். புழுக்கையில் வெளிவந்த விதை நன்றாக முளைக்கும். பிறகு நிழலும் நிழலும் தொடாத அளவுக்கு நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். புல் வறண்டு கிடக்கும் கோடையில் உதிர்கிற காய்தான் ஆட்டுக்குச் சோறு.

முதல் வருஷம் கால்நடை உள்ளே போகக்கூடாது. தூர் வேர் பிடிக்காத புல்லை மாடு கடித்தால் தூரோடு வந்துவிடும். தேவைப்பட்டால் 70, 75 நாளில் அறுத்துப் போடுங்கள். ஒரு பகுதி கதிர் முற்றி உதிரட்டும்.

அப்புறம் எல்லாமே படலைத் திறப்பதிலும் மூடுவதிலும்தான் இருக்கிறது. மழை பெய்து பச்சை கண்ட மூன்றாம் நாளே மாட்டை ஓட்டிவிடுவார்கள், அங்கேதான் கொரங்காடு கெடுகிறது. புல் பூட்டை (கதிர்) விடும்வரை பொறுங்கள். திறந்தால் முதலில் மாடு, அடுத்து எருமை, கடைசியில் செம்மறி. செம்மறி தரையோடு ஒட்டக் கடிக்கும், அதை முதலில் விட்டால் மாட்டுக்கு மிச்சமிருக்காது. நாலு விரல் உயரம் புல் நிற்கும்போதே அடுத்த துண்டுக்கு மாற்றிவிட்டு இதை மூடுங்கள். ஒரு துண்டை மட்டும் ஆனி ஆடிக்கென்று தொடாமல் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கினால் ஈரம் முழுக்க உறிஞ்சிவிடும், அப்போது நின்ற புல்லாகக் காய்ந்தது கைகொடுக்கும். மேய இடமில்லை என்றால் ஆடு மாட்டு உருப்படியைக் குறையுங்கள். கஷ்டம்தான், ஆனால் தூர் செத்தால் திரும்ப விதைப்புச் செலவு.

சீமைக்கருவேல் கன்றைக் கண்டால் ஈரத்திலேயே வேரோடு பிடுங்குங்கள். அந்தக் காய் தின்று வந்த ஆட்டை நேரே உள்ளே விடாமல் இரண்டு மூன்று நாள் வெளியே பட்டியில் அடையுங்கள்.

சில வருஷத்தில் மண் இறுகிப் புல் சன்னமாகும். நல்ல மழை கிடைக்கிற வருஷம் பார்த்து ஒரு துண்டை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுங்கள். மாட்டுக்குத் தட்டும் கிடைக்கும், மண்ணில் கிடந்த விதையும் தூரும் அடுத்த மழைக்குப் புதிதாக எழும். ஒன்று மட்டும் கவனம்: மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் மாடு வாய் வைத்தால் விஷம், உயிரே போகலாம். அந்த வருஷம் படலைக் கட்டியே வையுங்கள்.

விதைக்கு இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டியதில்லை. தை மாதம் கதிர் காய்ந்து, தொட்டால் கையோடு வரும்போது உருவி நிழலில் உலர்த்திச் சாக்கில் போட்டு வையுங்கள். புரட்டாசிக்குச் சரியாக உறக்கம் தெளிந்திருக்கும்.