மரப்பலகைச் சுவருக்கு ஸ்டெயினா, பெயிண்டா?

வெளிச்சுவர்ப் பலகைக்கு எதைப் பூசுவது என்று முடிவு செய்யும் முன், பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு. அது மரத்துக்குள் ஊறிப் பிடிக்கும், சொரசொரப்பில் கூடுதலாகவே ஊறும். இழைத்து வழவழப்பாக்கிய பலகை என்றால் பெயிண்டைத் தாராளமாக யோசிக்கலாம்.

பெயிண்ட் மேலே ஒரு படலமாக நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும், நல்ல பிரைமரோடு (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) 7 முதல் 10 ஆண்டு தாங்கும். ஆனால் பலகையின் பின்பக்கம் ஈரம் ஏறினால் கொப்பளித்து உரியும். அப்போது சுரண்டி, தேய்த்து, மறுபடி பிரைமர் அடிக்க வேண்டும். முதுகு ஒடிக்கிற வேலை அது. மர வரிகள் தெரியும் மெல்லிய ஸ்டெயின் 2 முதல் 4 ஆண்டில் மங்கிவிடும், ஆனால் உரியாது. கழுவிக் காயவைத்து மேலேயே இன்னொரு கோட் பூசினால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள்: ஸ்டெயினிலிருந்து பிற்பாடு பெயிண்டுக்கு மாறலாம். பெயிண்ட் அடித்த பலகையில் ஸ்டெயின் ஊறவே ஊறாது. அதனால் மனம் ஊசலாடினால் முதலில் ஸ்டெயின் பூசுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், எதைப் பூசினாலும் பலகையின் வெட்டுமுனைகளை விட்டுவிடாதீர்கள். தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனைதான். பழைய ஸ்டெயின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கினால் அடுத்த கோட்டுக்கு நேரமாகிவிட்டது.