பெரிய வங்கியில் தொழில்நுட்பப் பயிலுநராகப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இந்த வருடமும் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்தும் உயர் தொழில்நுட்ப நிறுவகத்திலிருந்தும் பிள்ளைகள் எங்கள் வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை என்று எல்லாக் கிளைகளின் கணினிகளையும் ஏ.ரி.எம்.களையும் இணைப்புகளையும் பார்ப்பது எங்கள் சிறிய அணி. வந்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் எங்கள் காலத்துப் பயிலுநர்கள் எந்தெந்த இடத்தில் சறுக்கினோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

நேரத்துக்கு வருவது, ஒழுங்காக உடுத்துவது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். வங்கியின் உள்ளே போன பிறகுதான் தெரியவரும் சில விடயங்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

விளங்காமலே "ஓகே சேர்" சொல்வது

கொழும்புத் தலைமையகத்தோடு பேசும் அழைப்புகள் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் போகும். நம் பிள்ளைகள் விளங்காத இடத்திலும் சரி என்றுவிட்டு, பிறகு ஆளையாள் கேட்டு ஊகத்தில் வேலை செய்கிறார்கள். அழைப்பு முடிந்த கையோடு, நீங்கள் விளங்கிக்கொண்டதை நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி அதே அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தக் கிளை, எந்த இயந்திரம், என்ன மாற்றம், எத்தனை மணிக்கு. பிழையிருந்தால் அவர் திருத்துவார். இலக்கணம் பிழைத்தால் பரவாயில்லை, கிளை இலக்கம் பிழைக்கக்கூடாது.

பாஸ்வேர்ட்டை இரவல் வாங்குவது

வாங்காதீர்கள். மேலாளரே நீட்டினாலும் வேண்டாம்.

பெயரை மறைத்தால் போதும் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு வங்கியின் கடலோரக் கிளையில் நடந்தது. மார்கழி மழையில் இணைப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா ஏ.ரி.எம்.மில் காசு எடுக்கப் போனார். கணக்கில் 20,000 ரூபாய் கழிந்துவிட்டது, இயந்திரம் காசைத் தரவில்லை. வங்கியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பணம் கேட்கும் செய்தி ஏ.ரி.எம்.மிலிருந்து போய், கணக்கில் கழிக்கப்பட்டு, பதில் திரும்பி வரும். இயந்திரத்தால் காசை வெளியே தள்ள முடியாவிட்டால், கழித்ததைத் திருப்பிப் போடச் சொல்லி இன்னொரு செய்தியை அது அனுப்ப வேண்டும். இந்தச் செய்திகளுக்கான சர்வதேச முறையான ஐ.எஸ்.ஓ. 8583இல் அதன் இலக்கம் 0420. இணைப்பு அறுந்த நேரத்தில் அந்தச் செய்தி போய்ச் சேராது. பிறகு இயந்திரத்தின் பதிவையும் கணக்கையும் ஒப்பிட்டுத்தான் காசைத் திருப்பிப் போடுவார்கள்.

அங்கே பயிற்சியிலிருந்த தம்பியிடம் இதைத் தேடச் சொன்னார்கள். பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்காமல், திரையைப் போனில் படம்பிடித்துத் தன் வகுப்புத் தோழர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பிறகு விசாரித்தபோது அவர் சொன்னது: "பேரை வெட்டிட்டுத்தானே அண்ணா போட்டனான்."

பெயர் இல்லைதான். கணக்கு இலக்கம் இருந்தது, மீதி இருந்தது, அடையாள அட்டை இலக்கமும் இருந்தது. நம் நாட்டின் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1994 என்று தொடங்கி 532 என்று வந்தால், 1994 பெப்ரவரி 1 அன்று பிறந்த பெண். பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கத்தில் இருக்கும். கிளை எது, பிறந்த நாள் எது, ஆணா பெண்ணா என்பது தெரிந்தால் போதும். ஆளுக்கு ஆள் சொந்தமாக இருக்கும் நம் ஊரில் மிச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போதும்.

அந்த அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து மகளுக்கென்று சேர்த்த காசு அது. படம் கை மாறி மாறி அவருடைய சொந்தக்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது. ஆட்கள் வீடு தேடிக் கடன் கேட்டு வரத் தொடங்கினார்கள். அவர் கிளைக்கு வந்து மேலாளர் முன்னால் நின்று, "என்ட கணக்கில எவ்வளவு கிடக்கெண்டு ஊருக்கெல்லாம் எப்பிடித் தம்பி தெரிஞ்சது?" என்று கேட்டார். கழிந்த 20,000 ரூபாயை வங்கி திருப்பிப் போட்டது. அவர் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தம்பியின் பயிற்சி அன்றோடு முடிந்தது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பிராந்தியத்தில் பயிலுநர் எவரும் வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கும் பிரதான கணினி முறைமையைத் திறந்து பார்க்கக்கூடாது என்று தலைமையகம் கட்டளை போட்டது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் கேபிள் இழுத்தார்கள், பிரின்டருக்கு டோனர் மாற்றினார்கள். ஒரு கொடுக்கல் வாங்கல் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே சான்றிதழோடு வீட்டுக்குப் போனார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சி பெற வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஊரில் கிடைத்த ஒரே கதவு அது. என் கோபம் அதற்குத்தான்.

வங்கியில் வேலை தொடங்கும்போது இரகசியம் காப்பதாக ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் கேட்கும் உறுதிமொழி அது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 9ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. முதல் நாள் நீட்டும் கட்டுக் கடதாசிகளில் ஒன்றென்று நினைத்து வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அன்று இரவு வீட்டுக்குப் போய், எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று ஒருமுறை யோசியுங்கள்.

அப்படியென்றால் உதவி கேட்பது எப்படி? அணிக்குள்ளே கேட்கும்போது இயந்திரத்தின் இலக்கம், நேரம், கொடுக்கல் வாங்கலின் ஆறு இலக்கத் தடஎண், பதில் குறியீடு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். வாடிக்கையாளர் யாரென்பது அதில் வராது. வெளியே தோழர்களிடம் கேட்பதானால் படமே வேண்டாம். "0420 போய்ச் சேராவிட்டால் எங்கே தேடுவது?" என்று வாயால் கேளுங்கள். கேள்வியைச் சொற்களில் வைக்கத் தெரிந்தால் பாதி விடை உங்களுக்கே வந்துவிடும்.

திரும்பும் வழியைப் படிக்காமல் மாற்றம் செய்வது

2012 ஜூனில் பிரித்தானியாவின் ஆர்.பி.எஸ். வங்கிக் குழுமத்தில், கணினிகளில் இரவில் தானாக ஓடும் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். சிக்கல் தெரிந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். அந்தத் திரும்பலில்தான் எல்லாம் குழம்பியது. 65 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் குழுமத்தின் அல்ஸ்டர் வங்கியில் நிலைமை சீராக வாரக்கணக்கில் ஆனது. 2014இல் 5 கோடியே 60 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண் அபராதம் விழுந்தது.

பயிலுநர்கள் புதிய நிரல்மொழிகளை ஆசையாகப் படிக்கிறார்கள், நல்லது. ஆனால் உங்கள் வங்கியில் நாள் முடிவு வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எது முடிந்தால் எது ஓடும், நடுவில் நின்றால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற பிள்ளையை எந்த அணியும் விடாது.

போயா விடுமுறைக்கு முதல்நாள் மாற்றம் செய்வது

வேண்டாம்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பது

வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தியை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். "திருகோணமலை" நமக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பத்து. செய்தி 70ஐத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் வங்கி காசு கட்டும். கொழும்பிலிருந்து சோதிப்பவருக்கு இது கண்ணில் படாமல் போகலாம். உங்களுக்குப் பட வேண்டும். முதலெழுத்து மட்டும் உள்ள பெயர்கள், குடும்பப் பெயரே இல்லாதவர்கள், மிக நீளமான பெயர்கள் எல்லாவற்றையும் கற்பனையாக உருவாக்கிப் போட்டுப் பாருங்கள். உண்மையான வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாதீர்கள்.

வளாகத்து அறிக்கையில் வங்கியின் வலையமைப்பை வரைவது

பயிற்சி முடிவில் கொடுக்கும் அறிக்கையைத் தடிப்பாக்குவதற்காக, கிளையின் வலையமைப்புப் படத்தை ஐ.பி. முகவரிகளோடு அப்படியே போடுகிறார்கள். அந்த அறிக்கை நூலகத்துக்குப் போகும், அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். படத்தை வங்கியின் பெயரோ முகவரிகளோ இல்லாமல் நீங்களே புதிதாக வரையுங்கள். எழுதியதை மேற்பார்வையாளரிடம் காட்டி, அவர் கையெழுத்து வைத்த பிறகே வளாகத்துக்குக் கொடுங்கள். அந்தக் கையெழுத்துத் தலைமையகம் வரை போய்த் திரும்ப இரண்டு மூன்று கிழமை எடுக்கலாம், அதனால் கடைசி மாதம் வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.