கவனமாக இருக்கச் சொல்லி எழுதி ஒட்டாதீர்கள்

பதினாறு வருஷமாக ஸ்கேன் பிரிவில் டெக்னீசியனாக இருக்கிறேன். எந்தத் தவறு நடந்தாலும் மறுநாள் சுவரில் ஒரு தாள் ஏறிவிடும்: ‘கவனமாகச் செயல்படவும்’. அதைப் படித்து யாரும் திருந்தியதாக நினைவில்லை. மனிதக் காரணிப் பொறியியல் என்று பெரிய பெயரில் ஒரு துறை உண்டு. ஆளைத் திட்டுவதை விட்டு, அவரைத் தவறவைக்கிற அறையையும் பொருளையும் கேள்வியையும் மாற்றச் சொல்வது அது.

முதலில் ஒரு காலை ஷிப்ட் முழுக்க மூலையில் உட்கார்ந்து பாருங்கள். யாரையும் திருத்த வேண்டாம். கன்சோலில் (ஸ்கேனை இயக்கும் கணினி மேஜையில்) இருப்பவரை எத்தனை முறை போன் எழுப்புகிறது, எதை எடுக்க யார் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று மட்டும் குறியுங்கள்.

நான் அப்படிப் பார்த்தபோது முதலில் தட்டுப்பட்டது பெயர் கூப்பிடுவது. “முருகன்!” என்றால் இரண்டு பேர் எழுந்தார்கள். “நீங்கதானே முருகன்?” என்றால் காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டினார். கேள்வியைத் திருப்பினோம்: “உங்க பேர் என்ன? அப்பா பேர்? எந்தக் கால்ல வலி?” அவர் சொல்வதைச் சீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் மேஜையில் ஏற்றுகிறோம்.

இடது முழங்காலை வலது என்று குறித்து அனுப்பியது வேறு யாருமில்லை, நான்தான். நல்லவேளை, டாக்டர் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே எடுத்து முடித்தபின் கணினியில் எல், ஆர் போடும் பழக்கம்தான் காரணம். படத்தில் எல், ஆர் என்று விழவைக்கும் ஈய எழுத்துகள் எதிர்ப்பக்க அலமாரியில் கிடந்தன, யார் நடப்பது? இப்போது ஸ்டாண்டிலேயே, கை போகிற உயரத்தில் ஒட்டியிருக்கின்றன. எடுக்கும்போதே படத்தில் விழுந்துவிடும்.

எம்ஆர்ஐ அறைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அந்த மெஷினுக்குள் இருக்கும் 1.5 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) காந்தம், ஸ்கேன் ஓடாதபோதும் இரும்பை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் உள்ளே போய் இறந்தார். மெஷின் ஆஃபில் இருப்பதாக ஊழியர் சொன்னார் என்றது குடும்பம். அந்த எண்ணம் எந்த வார்டிலும் உண்டு.

“இரும்பு ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் “இல்லம்மா” என்றுதான் பதில் வரும். தாலியில் ஊக்கு இருக்கிறதா, கொண்டையில் ஹேர்பின், இடுப்பில் சாவி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்களுக்காக ஒரு மஞ்சள் கயிற்றுக் கண்டு மேஜையிலேயே வைத்திருக்கிறோம். மாட்டிக்கொண்டதும் முகம் தெளிந்துவிடும். அப்புறம், இரும்பு ஸ்ட்ரெச்சர் வெளிவாசலோடு நிற்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத தள்ளுவண்டியை அங்கேயே நிறுத்திவைத்தால் மாற்றி ஏற்றியே ஆக வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மூலையில் உட்காருங்கள். வாசலுக்குக் குறுக்கே நாங்கள் மாட்டிய பிளாஸ்டிக் சங்கிலி எப்போதும் தரையில்தான் கிடந்தது. வண்டி தள்ளுகிறவருக்கு இரண்டு கையும் வேலை, திரும்ப மாட்டுவது எப்படி? அதற்குப் பதில் தானாக வந்து மூடும் கதவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வரும்வரை வாசலில் ஒரு ஆள் நிற்கிறார்.